சாக்பீஸ் கோடு போட்டுப் படித்தவள்

தையல் கம்பெனியில் அவளுக்குப் பெயர் கத்தரி. துணி வெட்டுவதால் மட்டும் வந்த பெயர் இல்லை. வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் இரண்டு துண்டு. பதினொரு வருடமாக வெட்டு மேசையில் நிற்கிறாள். இப்போது சூப்பர்வைசர் இடம் காலி. ஆர்டர் தாளை ஆங்கிலத்தில் படித்துக் காட்டுபவருக்குத்தான் அது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஒரு மாதம் மகளிடம் பாடம் கேட்டாள். தாடைக்கடியில் கையை வைத்து வார்த்தையைச் சொல்ல வேண்டும். தாடை எத்தனை முறை இடிக்கிறதோ அத்தனை துண்டு. கத்தரிக்கு அது போதவில்லை. துணிக்குப் போடுவதுபோல் துண்டுக்குத் துண்டு சாக்பீஸ் கோடு இழுத்தாள். மெ-ஷர்-மென்ட். ஆல்-ட-ரே-ஷன். வீட்டில் மருந்துப் பெட்டிகூடத் தப்பவில்லை.

தேர்வன்று மேனேஜர் தாளை நீட்டியதும், பழக்கதோஷம், கோடு போட்டுவிட்டாள்.

“ஒரு வார்த்தைய நாலா வெட்டி முழுங்குறதுக்குப் பேரு படிப்பாம்மா?” என்று சிரித்தார் மேனேஜர். அதே வேலைக்கு வந்திருந்த அவர் மச்சானும் சேர்ந்து சிரித்தான்.

கத்தரிக்கு உச்சி மண்டைக்குச் சுர்ரென்று ஏறியது. “துணிய வெட்டாமயே சட்டை தைக்கிற ஆளு இருந்தா காட்டுங்க சார். நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்.”

தாளை ஒரு வரி விடாமல் படித்து முடித்தாள். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அடுத்து மச்சான் படித்தான்; மூன்றாவது வரியில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. வேறு வழியில்லாமல் உத்தரவு எழுதிக் கொடுத்தார்.

“சந்தோஷமா? போ.”

வாங்கினோமா, கும்பிட்டோமா என்று போனால் அவள் கத்தரியே இல்லை. அங்கேயே நின்று உத்தரவின்மேல் கோடு போட்டாள். சூப்-பர்-வை-சர். சரி. அதற்கு முன்னால் இன்னொரு வார்த்தை இருந்தது. டெம்-ப-ர-ரி. காதால் கேட்டுப் புளித்த வார்த்தைதான். கண்ணால் இப்போதுதான் பார்க்கிறாள்.

“டெம்பரரின்னா எதுவரைக்கும் சார்? உங்க மச்சான் படிச்சு முடிக்கிறவரைக்குமா?”

“எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவோம்…”

“பதினொரு வருஷத்துல இங்க எனக்குப் பர்மனென்ட்டா கெடச்சது கால்வலி ஒண்ணுதான். அந்த வார்த்தைய அடிங்க.”

மேனேஜர் பேனாவைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவினார். பேனா மேசைமேலேயே கிடந்தது. கத்தரி மூடியைக் கழற்றி நீட்டினாள். அவர் அடித்தார்.

அடித்த இடத்தில் ஒரு கையெழுத்தும் வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினாள். அவர் அதையும் போட்டார்.