சாயச் சொன்னால் சா

கல்கத்தா பாலிகஞ்ச் வீட்டில் அப்பாவின் சோபாத் துணியை, பழுதுபார்க்க வந்த வங்காளி மிஸ்திரி கிழித்ததும் பழைய தேங்காய் நாரின் வாசனை எழுந்தது. பள்ளியை விட்டு ஊர் ஊராய்த் திரிந்தும் அது எனக்கு மறக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வங்காளிகளிடம் அப்பா அந்தச் சோபாவைக் காட்டி, "நல்லா சாயுங்க தாதா" என்பார். அவர்கள் மொழியில் அண்ணனுக்குத் தாதா, டீக்குச் சா என்று பெயர். "சா? காபோ, காபோ!" என்று குடிக்கத் தயாராகிவிடுவார்கள்.

"உக்காரச் சொன்னாப் போதாதா? பால் இல்ல!" என்று அம்மா உள்ளிருந்து கத்துவாள்.

கட்டை உளுத்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்றார் மிஸ்திரி. அப்பா இறந்தபின் அந்தச் சோபாவில்தான் தூங்கும் அம்மா அதன் கைப்பிடியைத் தடவினாள். எனக்கு அதைப் பற்றிப் பேசவே அலுப்பு.

"கட்டில்ல போய்ச் சாயும்மா, அப்புறம் பாக்கலாம்."

மிஸ்திரி நிமிர்ந்தார். "சா? காபோ."

அம்மா சிரித்துவிட்டாள். "இதையே சரிபண்ணச் சொல்லுடா" என்று பால் பாத்திரத்தை எடுத்தாள்.