வியாழக்கிழமை இரண்டு மணித்தியாலம்

"வணக்கம் அன்ரி. வியாழக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை உங்களுக்கு நேரம் இருக்குமா? இல்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள்."

இந்த மூன்று வரிகளை எழுத எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. 'வணக்கம்' முதலில் இல்லை. பிறகு சேர்த்தேன். மரண அறிவித்தல் போல இருக்கிறதோ என்று எடுத்தேன். மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று மறுபடியும் சேர்த்தேன். மகன் காலடியில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பத்து மாதம்.

வியாழக்கிழமை எனக்கு ரோட் ரெஸ்ட், கார் ஓடும் லைசென்ஸுக்கான பரீட்சை. குளிர்காலத்தில் ஒருமுறை எழுதிப் போட்டு, ஓடிப் பார்த்து, பெயிலாகி வந்திருந்தேன். ரொறன்ரோ ஓரத்து மில்லிக்கனில் கார் ஓடத் தெரியாமல் கைக்குழந்தையோடு இருப்பது என்ன என்று, பனிக்குள் ஸ்ரோலரைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குத் தெரியும். கணவர் புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான். லீவு கேட்க முடியாது. மகனைப் பார்க்க ஒருவர் வேண்டும். இரண்டு வீடு தள்ளி இருந்த அன்ரியைத் தவிர எனக்கு வேறு யாரையும் தெரியாது.

மெசேஜ் போய் ஐந்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. அன்ரி செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு, ஈரக் கையோடு நின்றார்.

"என்ன பிள்ளை, ஆருக்கு என்ன? அவன் எங்கை?"

"வேலைக்குப் போட்டார், அன்ரி."

"சண்டையோ?"

"இல்லை."

"பிள்ளைக்குக் காய்ச்சலோ?"

"இல்லை, அன்ரி. எனக்கு ரோட் ரெஸ்ட். இவனைப் பாக்க..."

அன்ரி கதவு நிலையில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "அட, இதுக்கோ? நான் அடுப்பிலை சோத்தை விட்டிட்டு ஓடி வாறன். லோயர் எழுதின மாதிரியெல்லோ எழுதியிருக்கிறீர். வாறன், வாறன். வியாழன் தானே."

இப்படித்தான் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தது ஹொலண்ட். பத்து வயதில் அங்கே போய், கலியாணம் கட்டி ரொறன்ரோவுக்கு வரும்வரை அங்கேதான் இருந்தேன். அங்கே யாருடைய நேரத்தையும் கேட்காமல் எடுக்க முடியாது. "ஹெப் யே ஏவன்?" என்பார்கள். உன்னிடம் ஒரு கொஞ்சம் இருக்கிறதா என்று அர்த்தம். நேரம் என்ற சொல்லைக்கூடச் சொல்லமாட்டார்கள். பக்கத்து மேசைக்காரியிடம் பேனா கேட்கவும் அதுதான், மேலதிகாரியிடம் சம்பள உயர்வு கேட்கவும் அதுதான். எதிரே இருப்பவர் "இப்போது கொஞ்சம் இல்லை, மூன்றரைக்கு வா" என்று சிரித்தபடி சொல்லுவார். அதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. ஒருமுறை என் வகுப்புச் சிநேகிதியின் வீட்டு மணியை அடித்தபோது, அவளுடைய தாய் கதவைத் திறந்து, "இன்றைக்குச் சரிவராது, புதன்கிழமை வா" என்று சொல்லி அன்பாகக் கதவைச் சாத்தினார். இதைக் கேட்ட என் அம்மா இரண்டு நாள் பொருமினார். நான் புதன்கிழமை போனேன். பான்கேக் தந்தார்கள்.

ஆகவே அன்ரியின் "வாறன், வாறன்" எனக்கு நிம்மதி தரவில்லை. நாட்காட்டியைப் பார்க்காமல் ஒருவர் எப்படி ஓம் என்று சொல்லலாம்?

"அன்ரி ஓம் எண்டவ தானே. பிறகேன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீர்?" என்று அன்று பின்னேரம் கணவர் கேட்டார்.

"யோசிக்காமல் ஓம் எண்டவ. அதுதான் பயமாயிருக்கு."

"யோசிச்சு ஓம் எண்டிருந்தா, ஏன் யோசிச்சவ எண்டு கேட்டிருப்பீர்."

அதுவும் உண்மைதான்.

செவ்வாய்க்கிழமை, மகனுக்குப் பழக்கம் வரட்டும் என்று அவனை அன்ரி வீட்டுக்குக் கொண்டு போனேன். ஒத்திகை என்று சொன்னால் சிரிப்பார் என்பதால், சும்மா வந்தேன் என்றேன். அன்ரி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது பிரிட்ஜ் கதவில் காந்தம் பிடித்திருந்த ஒரு அட்டையைப் பார்த்தேன். கண் கிளினிக். வியாழக்கிழமை, ஒன்றேகால்.

அட்டையை எடுத்துத் திரும்பவும் படித்தேன்.

"அன்ரி, இது இந்த வியாழனெல்லோ?"

"அது கிடக்கட்டும். நான் போன் பண்ணி மாத்துவம் எண்டிருக்கிறன்."

"எப்ப எடுத்த தவணை?"

"பனி கொட்டேக்கை எடுத்தது." கோப்பையை என் முன்னே வைத்தார். "கண்ணுக்கு மருந்து விடுவினமாம். பிறகு வடிவாய்த் தெரியாதாம். ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவை."

"ஆர் வருகினம்?"

அன்ரி மகனின் வாயைத் துடைத்தார். அது துடைக்கத் தேவையில்லாத வாய்.

"மகளைக் கேக்கேல்லையோ?"

"அவள் விட்பியிலை இருந்து வரவேணும். வேலைக்குப் போற பிள்ளை. கேட்டா ஓம் எண்டுவாள், பிறகு அங்கை கரைச்சல் படுவாள். எப்பிடிக் கேக்கிறது?"

நான் அந்தக் கேள்வியை ஒரு கிழமையாக வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தவள். அதை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது சிரிப்பு வந்துவிட்டது. அன்ரி முறைத்தார். ஹொலண்ட் கதையைச் சொன்னேன், பான்கேக் வரைக்கும்.

"முகத்துக்கு நேரை ஏலாது எண்டு சொல்லுவினமோ?"

"ஓம்."

"பிறகும் கதைப்பினமோ?"

"கதைப்பினம், அன்ரி."

"சரி, கேளும் பாப்பம். நான் ஏலாது எண்டிறன்."

"அன்ரி, வியாழக்கிழமை உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கோ?"

அன்ரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏலாது," என்றார். பிறகு, "ஆனா வாறன்," என்றார்.

அவரால் அதற்கு மேல் முடியவில்லை. அதனால் வேறு விதமாக ஒழுங்கு செய்தோம். காலையில் அவர் மகனைப் பார்ப்பது. மத்தியானம் நான் அவரோடு கிளினிக்குக்குப் போவது. பாஸானால், கணவர் பஸ்ஸில் வேலைக்குப் போவதால் வீட்டில் நிற்கும் எங்கள் காரில்.

"பெயிலானா?" என்றேன்.

"ரக்ஸியிலை போவம். போற வழியிலை நீர் அழும், நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்ன அன்ரி எட்டு மணிக்கே வந்தார். கார் ஓடப் பழக்கிய அண்ணையின் காரில் நான் ஏறும்போது மகன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அழுதிருந்தால் கவலைப்பட்டிருப்பேன். அழாததற்கும் கவலைப்பட்டேன். பரீட்சிக்க வந்தவர் வழி முழுக்க ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். அவர் எழுத எழுத நான் என் பிழைகளை எண்ணிக்கொண்டு ஓடினேன். கடைசியில் தாளை நீட்டி, பாஸ் என்றார். நான் நிச்சயமாகவா என்று கேட்டேன். அவர் தாளைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டு, ஓம் என்றார்.

மகன் பின்சீற்றில் தூங்க, கிளினிக்குக்குப் போன இருபது நிமிடமும் அன்ரி கதவுப் பிடியை விடவில்லை. "நல்லாத்தான் ஓடுறீர்," என்று ஒவ்வொரு சந்தியிலும் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு.

கண்ணில் புரை, வெட்ட வேண்டும் என்றார் வைத்தியர். அடுத்த மாதத்தில் இரண்டு நாள் இருக்கிறது, ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி. முழு நாளும் ஒருவர் கூட நிற்க வேண்டும். நான் வாறன் என்று சொல்ல வாயெடுத்தேன். மகனோடு முழு நாள் எப்படி என்ற யோசனை வந்து வாயை மூடினேன். அன்ரி அதைப் பார்த்திருக்க முடியாது, கண்ணில் மருந்து. ஆனாலும் கைப்பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மகளின்ரை நம்பரை அடிச்சுத் தாரும். எழுத்துத் தெரியேல்லை."

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். அன்ரி தொண்டையைச் செருமினார். "பிள்ளை, உனக்கு இப்ப கதைக்க நேரம் இருக்கோ? கண் வெட்டவேணுமாம். அடுத்த மாசம் செவ்வாயும் வெள்ளியும் இருக்காம். முழுநாளும் ஒராள் நிக்கவேணும். ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லு."

மறுமுனையில் கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது.

"ரியூஸ்டே ஏலாதம்மா, மீற்றிங். ஃப்ரைடே ஓகே, நான் ஓஃப் எடுக்கிறன். இண்டைக்கு ஆரோட போனீங்கள்? ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"பக்கத்துப் பிள்ளையோட. பிறகு சொல்லுறன்." வைத்துவிட்டார்.

மகன் அவருடைய மூக்குக்கண்ணாடியை இழுத்துக்கொண்டிருந்தான்.

"டக்கெண்டு ஏலாது எண்டிட்டாள், கேட்டனீரே," என்றார்.

"கோவமோ, அன்ரி?"

"ஏன் கோவம்? வெள்ளிக்கிழமை வாறாள் தானே." கிளினிக்கில் தந்த தவணை அட்டையை என் பக்கம் தள்ளினார். "எழுதும் பிள்ளை, பெரிசாய் எழுதும். வெள்ளி."