மீன்களுக்குப் பந்தி வைத்த வேம்புலி

திருமுல்லைவாயில் வேம்புலிக்குப் போதை என்றாலே ஆகாது. கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுப்பவர். பரிமாற வரும் ஆட்களை ஊதச் சொல்லி மோந்து பார்த்த பிறகுதான் வாளியைக் கையில் கொடுப்பார். ஒரு பீர் குடித்த குற்றத்துக்காக, மனைவி பேபியின் தம்பி ஜெகனோடு ஒரு பொங்கல் முழுக்கப் பேசாமல் இருந்தவர்.

மூட்டு வலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொல்ல, முகப்பேரில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தார். தண்ணீர் பிடித்துப்போனது. கூட வந்த ஜெகன், முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா ஆசையைக் கிளப்பிவிட்டான். இருவரும் புதுச்சேரி போய்ப் பயிற்சி எடுத்து, ஆழமில்லாத இடங்களில் நாலைந்து தடவை இறங்கினார்கள். அடுத்தது ஆழ்கடல்.

படகு கிளம்பும் முன் பயிற்சியாளர் ரேகா எச்சரித்தாள். முப்பது மீட்டரை நெருங்கினால், நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜனே அழுத்தத்தில் மூளையை மயக்கும். குடித்த மாதிரி ஆகிவிடும். மேலே வந்தால் தெளிந்துவிடும். ஆனால் மயங்கியவருக்குத் தான் மயங்கியிருப்பது தெரியாது, அதுதான் ஆபத்து என்றாள்.

வேம்புலிக்கு அது தன்மேல் விழுந்த பழியாகவே பட்டது.

"எம்மா, இருமல் மருந்தே குடிக்க மாட்டேன் நானு. எனக்கு இன்னாம்மா போதை ஏறும்?"

கீழே போகப் போக உலகமே நல்லதாகிக்கொண்டு வந்தது. ஜெகன்மேல் பாசம் பொங்க, அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். காற்று மீட்டரைப் பார்த்தார். முள் அழகாக இருக்கிறது என்று தோன்றியதே தவிர, அது என்ன காட்டுகிறது என்று உறைக்கவில்லை. பாறையோரம் ஒரு மீன் கூட்டம் வரிசையாக நின்றது. இத்தனை பேர் காத்திருக்க, ஒருத்தருக்கும் இலை போடவில்லையே என்று பதறிப்போனார். கையைக் காட்டி எல்லோரையும் உட்காரச் சொன்னார். சாம்பார் வாளிக்காரனைக் கூப்பிடுவதற்காக, வாயில் கடித்திருந்த காற்றுக்குழாயைப் பிடுங்கினார்.

ஜெகன் பாய்ந்து வந்து குழாயை அவர் வாயில் திணித்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். ரேகா தோளைப் பற்றினாள். பந்தி நடுவில் இழுக்கிறார்களே என்று வேம்புலி காலை உதைத்தார். வேகமாக ஏறுவதும் ஆபத்து என்பதால், இருவரும் அவரை நிதானமாகவே மேலே கொண்டு வந்தார்கள். பாதி வழியில், யாரோ விளக்கைப் போட்டதுபோல் அவருக்குப் புத்தி வந்தது.

படகில் ஏறியதும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சாதித்தார். ஜெகன் கண்ணாடியைக் கழற்றி வீசினான்.

"மாமா, அந்தக் காத்துக் கொயாவ எடுத்துட்டு ஒரு மூச்சு தண்ணிய இழுத்திருந்தா, அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

வேம்புலி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"மீனுங்கள நான் இன்னாடா பண்ணேன்?"

"உக்கார சொன்னே."

"உக்காந்துதுங்களா?"

ஜெகன் சிரித்துவிட்டான். அவன் வாயால் தெரியவருவதைவிடத் தானே சொல்லிவிடலாம் என்று, வீட்டுக்கு வந்ததும் பேபியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவள் முதலில் அழுதாள். மீன்களுக்கு இலை போடவில்லை என்று பதறிய இடத்தில் சிரித்தாள். இனிமேல் ஆழத்துக்குப் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

அடுத்த முறை பதினைந்து மீட்டரோடு நின்றுகொண்டார். ஜெகன் இன்னும் கீழே எட்டிப் பார்த்தபோது, அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டார். ஒரு கடலாமை இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தன் பாட்டுக்குப் போனது.