உறுப்புக்கு ஒரு டொக்டர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. போர் வடக்கில் நடந்துகொண்டிருந்தது. அதற்கான சோதனை வரிசை கொழும்பில், வெள்ளவத்தையின் காலி வீதியில் நின்றது. நான் அந்த வரிசையில் தினமும் நின்றவன். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் குடும்பத்துடன் வாடகைக்கு இருந்தேன். வேலை புறக்கோட்டையில், இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் கடையொன்றில் கணக்கு எழுதுவது. வயது நாற்பத்தெட்டு. எடையைக் கேட்காதீர்கள்.

அந்தக் காலத்தில் எங்களுக்குப் பொழுதுபோக்குக் குறைவு. இருட்டிய பிறகு வெளியே போனால் பிரச்சினை, கடற்கரையில் காற்று வாங்கப் போனாலும் அடையாள அட்டை கேட்பார்கள். மிஞ்சியது ஸ்பெஷலிஸ்ட்டைச் ‘சனல்’ பண்ணுவது ஒன்றுதான். தனியார் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே நம்பர் எடுத்து, பின்னேரம் முழுக்கக் கதிரையில் குந்தியிருந்து, பெரிய டொக்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவதற்குப் பெயர் அது. மரக்கறிச் சந்தையில் இரண்டு பேர் சந்தித்தால், “யாரிட்டக் காட்டுறீங்கள்?” என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர் அதைவிடப் பெரிய பெயர் ஒன்றைச் சொல்வார். மூளைக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர் என்று வைத்திருந்தவர்கள் மத்தியில் எனக்கு ஒருவருமே இல்லை என்பது மானப் பிரச்சினையாக இருந்தது.

ஆகவே நெஞ்சு ஒருநாள் இலேசாகப் படபடத்ததும், கவலைப்பட்டதைவிடச் சந்தோஷப்பட்டதுதான் அதிகம். இதய நிபுணர் ஒருவரைப் பிடித்தேன். பிரஷர் கூட என்று சொல்லி ஒரு வெள்ளைக் குளிசை தந்தார். கொஞ்ச நாளில் தலை சுற்றியது. தலைச்சுற்றுக்குக் காதுதான் காரணம் என்று சந்தையில் ஒருவர் சொன்னார். காது நிபுணரிடம் போனேன், மஞ்சள் குளிசை வந்தது. பிறகு கணுக்கால் வீங்கியது. வீக்கம் என்றால் சிறுநீரகம். அந்த நிபுணர் காலை அமுக்கிப் பார்த்தார், பிரஷரையும் பார்த்தார், நீர் பிரிய ஒரு குளிசையும் பிரஷருக்கு ஒரு சிவப்புக் குளிசையும் எழுதினார்.

ஏற்கனவே பிரஷருக்கு வெள்ளை ஒன்று போடுகிறேன் என்று அவரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. சிறுநீரகக்காரரிடம் போய் இதயத்தைப் பற்றிக் கதைப்பது மரியாதை இல்லை என்பது என் எண்ணம். மீன்கடையில் கத்தரிக்காய் விலை கேட்பதில்லையே. எந்த டொக்டரிடம் எந்த உறுப்பைக் கொண்டுபோக வேண்டும் என்ற ஒழுக்கத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை.

என் மனைவிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் கூட்டிக்கொண்டு போவது காலி வீதியில் இருந்த ஒரு சின்ன டிஸ்பென்சரிக்கு. அங்கே என் வயதை ஒத்த ஒரு பெண் டொக்டர். தடிமன் காய்ச்சல், சிரங்கு, நாய்க்கடி, குழந்தைக்குக் காது குத்துவது, பள்ளிக்கூடத்துக்குக் கள்ள லீவு போட்டவனுக்கு மெடிக்கல் எழுதுவது, மாமியாருடன் கோபித்துக்கொண்டு வந்தவளுக்குப் புத்தி சொல்வது என்று எல்லாம் பார்ப்பார். “ஒருக்கா அவவிட்டயும் காட்டுங்கோவனப்பா” என்றாள் மனைவி. எல்லாம் பார்க்கிறவருக்கு ஒன்றும் சரியாகத் தெரியாது என்று நான் விளக்கம் கொடுத்தேன். அப்படியானால் எல்லாம் சமைக்கிற தான் மட்டும் எப்படி என்று அவள் கேட்டாள். அன்றைக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் வந்தது.

அந்த டிஸ்பென்சரிக்கு எதிரேதான் சோதனைச் சாவடி. பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குவார்கள். சிங்களவர்கள் அட்டையைக் காட்டிவிட்டு நடந்துபோய் மறுபக்கம் ஏறிவிடுவார்கள். எங்களைத் தனி வரிசையில் வைத்து, பையைக் கொட்டி, எங்கே பிறந்தாய், எதற்கு வந்தாய் என்று விசாரித்து முடிக்கும்போது அந்த பஸ் போய்விட்டிருக்கும். சில நாட்களில் அரை மணித்தியாலம். சில நாட்களில் வெயில் உச்சிக்கு வரும்வரை.

நான் விழுந்தது அந்த வரிசையில், ஒரு காலை நேரம். எனக்கு முன்னால் நின்றவரின் சேட்டுக் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தது மட்டும் ஞாபகம். கண் விழித்தபோது என் வாய்க்குள் ஒரு விரல் இருந்தது. என்னுடையது அல்ல.

அது ஒரு இராணுவ சார்ஜன்ட்டின் விரல். தடித்த மீசைக்காரர். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று துவக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். என் சோற்றுப் பார்சல் பை வீதியில் கொட்டப்பட்டிருந்தது. சோற்றுக்குப் பக்கத்தில், பார்மஸிக்காரன் கிறுக்கிக் கொடுத்த சின்னச் சின்னக் கடதாசி உறைகளிலிருந்து வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று குளிசைகள் சிதறிக் கிடந்தன. அந்த நாட்களில், சோதனைச் சாவடியில் ஒரு தமிழன் எதையோ விழுங்கிவிட்டு விழுந்தால் இராணுவத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: புலி, சயனைட். நான் கடித்ததாக அவர்கள் நினைத்ததைத் தோண்டி எடுக்கத்தான் அந்த விரல் வந்திருந்தது. அகப்பட்டது ஒரு கட்டுப் பல் மட்டும்.

எனக்குச் சிங்களம் கடைச் சிங்களம்தான். ஆணி, கம்பி, தகரம் எல்லாம் நன்றாகச் சொல்வேன். ‘நான் அப்பாவி’ என்பதற்கு அதில் சொல் இல்லை. சார்ஜன்ட் என்னைக் கொலரில் பிடித்து எழுப்பி, நேரே வீதியைக் கடந்து அந்த டிஸ்பென்சரிக்குள் கொண்டுபோனார். என்ன விழுங்கினேன் என்று டொக்டர் சொல்ல வேண்டும். அவர் சொல்வதைப் பொறுத்து நான் ஒன்றில் வீட்டுக்கு, இல்லாவிட்டால் ஜீப்பில். ஜீப்பில் போனவர்கள் எங்கள் ஒழுங்கையிலும் இருந்தார்கள். அதில் ஒருவரின் மனைவி மாதக்கணக்காக ஒவ்வொரு பொலிஸ் நிலையமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

இருமிக்கொண்டிருந்த பிள்ளைகளும் தாய்மாரும் எங்களைக் கண்டதும் சுவரோடு ஒட்டினார்கள். டொக்டர் மட்டும் எழும்பவில்லை. கையில் இருந்த குழந்தையின் தொண்டையைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார். சார்ஜன்ட்டிடம் துவக்கின் முனையைக் கதவுப் பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொன்னார், பிள்ளைகள் பயப்படும் என்று. அவர் பிடித்தார்.

என்னைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். எழுப்பி நிற்கவைத்து மறுபடியும் பார்த்தார். நின்றதும் நான் மறுபடி சரிந்தேன். இந்தமுறை சார்ஜன்ட்டின் மேலேயே. பிறகு குளிசைகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து, இது இதற்கு, இது அதற்கு என்று சிங்களத்தில் அவருக்குச் சொன்னார். வெள்ளையையும் சிவப்பையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு என்னிடம் தமிழில் திரும்பினார்.

“இது ரெண்டும் ஒரே மருந்து, ஐயா. கொம்பனி பேர்தான் வேற. ரெண்டையும் போடச் சொல்லி யார் சொன்னது?”

இருவர் சொன்னார்கள், ஆளுக்கு ஒன்று என்றேன். ஒருவருக்கு மற்றவரைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டார். தலை சுற்றியதும் கால் வீங்கியதும்கூட வெள்ளைக் குளிசையின் வேலையாக இருக்கலாம் என்றார். என் நிபுணர் சேகரிப்பு முழுவதும் ஒரே குளிசையைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆனால் சார்ஜன்ட்டுக்கு இது விளங்கவில்லை. ஒரு மனிதனுக்கு எதற்கு இத்தனை டொக்டர், பொய் சொல்கிறான் என்று ஜீப்புக்கு ஆள் அனுப்பத் திரும்பினார். டொக்டர் அவரை நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, என் ஸ்பெஷலிஸ்ட்டுகள் யாருமே கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். எந்த பஸ்ஸில், எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள்? அடுத்தது, கடைசியாகத் தண்ணீர் குடித்தது எப்போது?

பஸ்ஸையும் நேரத்தையும் சொன்னேன். நேற்றுப் பின்னேரம் என்றேன்.

“ஏன்?”

சார்ஜன்ட்டுக்குக் கேட்கக்கூடாது என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். வரிசையில் நிற்கும்போது மூத்திரம் வந்தால் போக இடமில்லை. வரிசையை விட்டு ஒரு சுவரோரம் ஒதுங்கினால் சுட்டாலும் சுடுவார்கள். அதிலும் நீர் பிரியக் குளிசை வேறு. ஆகவே இரவிலிருந்து தண்ணீரை நிறுத்திவிடுவேன். காலையில் தேத்தண்ணிகூடக் கிடையாது. சனல் பண்ணப் போகிற நாட்களிலும் அப்படித்தான்.

டொக்டர் சார்ஜன்ட்டின் பக்கம் திரும்பினார். பிறகு நான் எதை மறைக்க நினைத்தேனோ அதை அப்படியே, ஒரு சொல் விடாமல், சிங்களத்தில் சார்ஜன்ட்டுக்குச் சொன்னார். அறையில் இருந்த தாய்மார் எல்லாருக்கும் என் மூத்திரச் சங்கதி தெரிந்தது. எனக்கு மறுபடியும் மயங்கினால் நல்லது போல இருந்தது.

சார்ஜன்ட் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு என்னவோ மெதுவாகச் சொன்னார். டொக்டர் அதை எனக்குத் தமிழில் சொன்னார்.

“அவங்களும் சென்ட்ரிக்கு நிக்கக்குள்ள தண்ணி குடிக்கிறதில்லையாம். இடத்தை விட்டு அசையேலாதாம்.”

அதோடு ஜீப் பேச்சு நின்றது. தண்ணீர் குடிக்காததற்கான காரணம் ஒன்றைத்தான் அந்த மனிதரால் நேரே நம்ப முடிந்தது போல. அவர் வெளியே போய்ச் சிதறிய என் பையை எடுத்துவந்து தந்தார். டொக்டர் சும்மா விடவில்லை. “மல்லி, சப்பாத்தைக் கழற்றுங்க” என்று, தம்பியை அழைப்பதுபோலச் சிங்களத்தில் சொல்லி, நொண்டி நொண்டி நடந்த அவரின் கால் விரலிடுக்குப் புண்ணுக்கு ஒரு களிம்பும் கொடுத்தார். தண்ணீர் குடிக்கச் சொல்லி எங்கள் இருவரையும் சேர்த்தே ஏசினார்.

எனக்கு உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரைக் குடிக்கத் தந்து, சிவப்பையும் நீர்க் குளிசையையும் மஞ்சளையும் ஒதுக்கிவைத்தார். இதய டொக்டரை விட வேண்டாம், அவர் கெட்டிக்காரர், ஆனால் போட்ட குளிசை எல்லாவற்றையும் அவருக்குக் காட்டுங்கள் என்றார். பிரஷரும் சும்மா இருக்கும்போது அவ்வளவு மோசமாக இருக்காதாம்.

“நீங்க செக்பொயின்ட்ல நிண்டு, சண்டை பிடிச்சுட்டு வந்த ஆள் மாதிரிப் போய்க் கதிரையில இருந்தா, யாருக்கும் பிரஷர் கூடத்தானே காட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விரல் உட்பட. அவள் ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். அன்றிலிருந்து அரை மணித்தியாலம் முந்திக் கிளம்பினேன். டிஸ்பென்சரியின் பின்பக்கக் கக்கூஸைப் பயன்படுத்த டொக்டர் எனக்கு அனுமதி தந்திருந்தார். வெள்ளவத்தையில் எனக்குக் கிடைத்த பெரிய சலுகை அதுதான்.

இப்போது நான் எல்லா டொக்டரிடமும் எல்லாவற்றையும் சொல்கிறேன். போன மாதம் பல் டொக்டரிடம் என் மூலவியாதியைப் பற்றி ஆரம்பித்தபோது அவர் வேறு பக்கம் பார்த்தார். பரவாயில்லை. என் உறுப்புகளை ஒவ்வொன்றாக நன்றாகப் பார்த்தவர்கள் பலர், அவர்களுக்கும் நன்றி உண்டு. ஆனால் அந்த உறுப்புகளெல்லாம் சேர்ந்து ஒரே ஆளாகத்தான் காலையில் பஸ் ஏறுகின்றன என்பதை நினைத்துப் பார்த்த ஒருவரால்தான், அன்றைக்கு நான் ஜீப்பில் ஏறாமல் வீட்டுக்கு நடந்து வந்தேன்.