மேடம், கடல் தெரியல!

ரூமிலிருந்து கடல் தெரியவில்லை என்பதற்காக மணல்மேட்டை வெட்டுவார்களா? வெட்டினார்கள். அதுவும் அடுத்தவர் இடத்தில்!

நான் குடியிருக்கும் சாரம் பகுதியில் என் பக்கத்து வீட்டுக்காரர் செல்வி. பேங்க்கில் வேலை. ஊருக்கு வெளியே, கடலை ஒட்டி அவருக்குச் சின்னதாக ஒரு சவுக்குத்தோப்பு உண்டு — அம்மா வழிச் சொத்து. தோப்புக்கும் அலைக்கும் நடுவே ஒரு மணல்மேடு. வருஷா வருஷம் பங்குனி ஆமைகள் கடலிலிருந்து ஏறிவந்து அங்கேதான் முட்டையிடும். அருகிவரும் இனம். அதற்காகவே, எத்தனை பேர் வந்து கேட்டும் செல்வி தோப்பை விற்கவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை அவரோடு நானும் போனேன். போனால்... மேட்டில் பாதியைக் காணோம்! ஜேசிபி உறுமிக்கொண்டிருக்கிறது. பிங்பாங் பந்து போன்ற முட்டைகள் மணலோடு மணலாக நசுங்கிக் கிடக்கின்றன. செல்வி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து ரிசார்ட் மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"கெஸ்ட்டுங்களுக்குக் கடல் தெரியலையாம் மேடம். உங்க எடத்தயும் சேத்து ஃப்ரீயா லெவல் பண்ணிக் குடுக்குறோம். நீங்க தாங்க்ஸ்தான் சொல்லணும்!"

செல்வி எழுந்தார். நேராகப் போய் ஜேசிபிக்கு முன்னால் நின்றார்.

"எங்க எடத்துல கை வைக்க நீ யாருய்யா? இனிமே ஒரு கூடை மண்ணு எடு, பாப்போம்!"

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

நான் ஓர் அதிகாரிக்குப் போன் போட்டேன். "பட்டா எடத்துத் தகராறு சார். நீங்களே பேசித் தீத்துக்குங்க" என்றார். யாரிடம் பேசுவது — ஆமையிடமா? அது என்ன, பட்டா பார்த்தா முட்டையிடுகிறது? சொந்த இடத்தில் ஒரு உயிரைக் காப்பாற்றுகிறவருக்கு அரசாங்கம் தரும் மரியாதை இவ்வளவுதானா?

செல்வி நகரவில்லை. உச்சி வெயில் ஏறியும் நின்ற இடத்திலேயே நின்றார். நானும் விடாமல் வேறு வேறு நம்பர்களுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். ஒருவழியாக போலீஸ் வந்தது, பின்னாலேயே வனத்துறையும் வந்தது. வழக்குப் பதிந்தார்கள். தப்பிப் பிழைத்திருந்தது ஒரே ஒரு முட்டைக்குழி. அதைச் சுற்றி வலை கட்டினார்கள்.

இந்த வியாழன் விடியலில் அந்தக் குழியிலிருந்து குஞ்சுகள் வெளியே வந்தன. உள்ளங்கையில் அடங்கும் அளவு. தட்டுத்தடுமாறி ஒவ்வொன்றாய் அலைக்குள் போயின. செல்வி அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

பின்னாலிருந்து ஒரு குரல்.

"சூப்பர் மேடம்! அடுத்த வருஷம் எந்த மாசம் வரும்? கெஸ்ட்டுங்களுக்கு ஒரு பேக்கேஜ் போட்டுடலாம்..."

அதே மேனேஜர்!

ஆமை ஓடுதான் ரொம்பக் கெட்டி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.