வந்த பக்கம் திரும்பும் ஜெல்

ஸ்கேன் எடுக்கும் அறையில் வயிற்றில் சில்லென்று தடவுவார்களே, அந்த ஜெல்லைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. யோசிக்கத் தேவையும் இல்லை. அதற்குத்தான் ஜெல் அக்கா இருக்கிறாள். தொழிற்சாலையின் சோதனை அறையில் அவளுக்கு அந்தப் பெயர் வந்து வெகுகாலம் ஆகிறது. சம்பளம் போடுகிறவர்களைத் தவிர வேறு யாருக்காவது அவளுடைய சொந்தப் பெயர் ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஜெல் பார்வைக்குத்தான் ஒரே வழவழப்பு. உள்ளே கண்ணுக்குத் தெரியாத மெத்தென்ற உருண்டைகள் தண்ணீரைக் குடித்து உப்பி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. கூட்டம் பிதுங்கும் பேருந்தில் நிற்கிறவர்கள் மாதிரிதான். லேசாகத் தள்ளினால் எல்லோரும் கொஞ்சம் வளைந்து கொடுப்பார்கள், விட்டதும் பழையபடி நிமிர்ந்துகொள்வார்கள். ஆள் இடம் மாற வேண்டுமென்றால் இடித்துத் தள்ளத்தான் வேண்டும். ஜெல்லும் அப்படித்தான். ஓர் அளவுக்கு மேல் தள்ளினால் ஓடும், விட்டால் மறுபடி கெட்டியாகிவிடும். வயிற்றிலிருந்து வழியவும் கூடாது, கருவியை நகர்த்தும்போது முரண்டு பிடிக்கவும் கூடாது. அந்த அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அக்காவின் வேலை. அவள் சொன்னால்தான் ஃபோர்மேன் குழாயைத் திறந்து பாட்டில்களை நிரப்புவார்.

சோதிக்கும் இயந்திரத்தில் இரண்டு வட்டத் தகடுகள். நடுவில் கொஞ்சம் ஜெல் வைத்தால் மேல் தகடு சுற்றும். ஆனால் எடுத்த எடுப்பில் அளந்துவிட முடியாது. தொட்டியில் கலக்கியது, கரண்டியால் அள்ளியது எல்லாவற்றையும் ஜெல் மனதில் வைத்துக்கொண்டிருக்கும். முதலில் ஒரே பக்கமாக வேகமாகச் சுற்றி அதையெல்லாம் மறக்கடிக்க வேண்டும். சுற்று முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்தி, தகட்டை அசையாமல் பிடித்து வைக்க வேண்டும். ஜெல் சற்று ஓய்ந்த பிறகுதான் அளவு. அக்கா இதைத் தூக்கத்தில்கூடச் செய்வாள்.

வீட்டு விஷயத்தில்தான் அவளுக்குச் சாமர்த்தியம் போதாது. கணவர் கப்பலில் இன்ஜின் மெக்கானிக். விடுமுறையில் வந்தால் முதல் சில நாட்கள் இருவரும் விருந்தாளிகள் மாதிரி நடந்துகொள்வார்கள். தன் வீட்டு டம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவர் கேட்பார், அவள் அவசரமாக எழுந்து எடுத்துக் கொடுப்பாள். ஒருவழியாகப் பேச்சும் சிரிப்பும் தடையில்லாமல் வரும்போது பெட்டி கட்டும் நாள் வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அவர், "போகட்டுமா?" என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் அவள், "உங்க இஷ்டம்" என்பாள். இருங்கள் என்று கேட்டு வாங்கினால் அதற்கென்ன மதிப்பு, அவருக்கே தானாகத் தோன்ற வேண்டாமா என்று ஒரு வீறாப்பு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் பாருங்கள். அவர் போன பிறகு அவருடைய தலையணை உறையைத் துவைக்காமல், அதில் முகம் வைத்துப் படுத்திருப்பாள். தலையணைக்கா காது இருக்கிறது?

அன்று காலை ஜெல் தகடுகளுக்கு நடுவே வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. தூரத்துத் துறைமுகத்திலிருந்து அவர்தான்.

"வேலையில இருக்கியாம்மா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"ஒப்பந்தம் முடியுது. இன்னொரு தடவைக்குக் கையெழுத்துப் போடுறீங்களா, இல்ல கரையில பட்டறை வேலைக்கு வர்றீங்களான்னு கேக்குறாங்க. வந்தா வீட்டுல இருந்தே போய் வரலாம். இப்பவே சொல்லணும். நீ என்ன சொல்றே?"

வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வாசலில் ஃபோர்மேன் தலையை நீட்டி, "ஆச்சாக்கா?" என்றார். வந்த வார்த்தையை அக்கா மென்று விழுங்கினாள்.

"உங்க இஷ்டங்க."

"சரிம்மா" என்று அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

அவள் இயந்திரத்துக்குத் திரும்பினாள். சுற்று எப்போதோ முடிந்திருந்தது. பொத்தானை அழுத்த மறந்திருந்தாள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு அது. தகடு சும்மா விட்டபடி கிடந்தது. ஆனால் நிற்கவில்லை. திரையில் தகடு சுற்றிய அளவைக் காட்டும் எண்கள் மெல்லப் பின்னோக்கிப் போயின. யாரும் தள்ளாமல், தொடாமல், எங்கிருந்து சுற்றிவந்ததோ அந்தப் பக்கத்துக்கே ஜெல் தகட்டை இழுத்துக்கொண்டு மிக மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

அதை வழித்து எறிந்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். அவள் எறியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவ்வளவு சுத்து சுத்தியும் மறக்கல, பாரு" என்று வாய்விட்டுச் சொன்னாள். அவளுக்கு அவர் வேண்டும். சாயங்காலம் கதவைத் தட்டுகிற ஆளாக, டம்ளர் எங்கே என்று கேட்காத ஆளாக வேண்டும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஃபோனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள்.

"கையெழுத்துப் போடாதீங்க. வீட்டுக்கு வந்துடுங்க. நீங்க இல்லாம என்னால முடியல."

அவருக்குப் பின்னால் இன்ஜின் இரைச்சல் கேட்டது.

"போட்டுட்டேனேம்மா" என்றார். "இப்பதான் பேப்பரை வாங்கிட்டுப் போனாங்க."

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வாசலில் மறுபடி வந்த ஃபோர்மேன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் நின்றார்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"நீ ஒரு தடவையாவது வேண்டாம்னு சொல்லுவியான்னுதான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன்." அவர் குரல் உடைந்திருந்தது. "போகணும்னா உன்னை எதுக்குக் கேக்கணும்?"

ஃபோர்மேன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். அன்று பாட்டில்கள் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

"இப்ப சொன்னியே," என்றார் அவர், "அதை இன்னொரு தடவை சொல்லு."

"வந்துடுங்க" என்றாள்.

அவர் மறுபடியும் சொல்லச் சொன்னார். அவள் மறுபடியும் சொன்னாள்.