மடக்குற போனும் கொளஞ்சிநாதன் கையும்

மடக்குற போனாம். அப்பளத்தை மடக்கினா ஒடையும், இதை மடக்கினா ஒடையாதாம். கொளஞ்சிநாதனோட மச்சான் வெற்றிவேல் சிங்கப்பூர்லேருந்து வந்தப்ப இப்படித்தான் பீத்திக்கிட்டாரு. ஒரு வருஷம் பொழங்கின அந்தப் போனை இவரு கையில குடுத்துட்டுப் போயிட்டாரு.

பெருமைக்காகக் கொளஞ்சி அதை வாங்கிக்கல. விருத்தாசலத்துல ஒரு செராமிக் யூனிட்டுல பீங்கான் பியூஸ் கட்டையப் பளபளப்புக்காக கிளேஸ் கரைசல்ல முக்கியெடுக்குற வேலை அவருக்கு. ஒரே மக இளமதி. பொறந்ததுலேருந்தே காது கேக்காது. சென்னையில ஆஸ்டல்ல தங்கி பி.காம் முடிக்கப் போறா. தாயில்லாத பொண்ணு. அப்பனும் மகளும் பேசுறதெல்லாம் கையாலதான். சாதாப் போனைப் புடிச்சிக்கிட்டா ஒரு கைதான் மிச்சம், அதால என்னாத்த பேசுறது? இந்தப் போனைப் பாதி மடக்கி மேசையில வச்சா தானா நிக்கும். அதுக்கு முன்னாடி ஒக்காந்து ரெண்டு கையாலயும் ஊர்க்கதையெல்லாம் பேசினாரு.

ஆனா யூனிட்டுல களிமண் தூசு இல்லாத எடம் எது? அது சோத்துலயும் இருக்கும், காதுலயும் இருக்கும். போன் மடங்குற கீல்லயும் போயி ஒக்காந்துக்கிச்சு. மொதல்ல நறநறன்னு சத்தம். அப்புறம் கீலே தொளதொளத்துப் போயி, நிக்க வச்ச போன் மெல்ல மல்லாக்கச் சாய ஆரம்பிச்சுது.

அன்னிக்கு டீ நேரத்துல இளமதி கூப்புட்டா. புனேயில வேலை கெடைச்சிருக்குது, வரேனா இல்லையான்னு ராத்திரிக்குள்ள சொல்லியாவணும், போவட்டுமாப்பான்னு கேட்டா. அவ்வளவு தூரமான்னு அவருக்கு இருந்துது. தடுக்கக் கூடாதுன்னு மனசைக் கெட்டியாக்கிக்கிட்டு, "போம்மா, தைரியமா போ"ன்னு ரெண்டு கையாலயும் சொன்னாரு. கண்ணு முழுக்க அவமேலதான். திரை மூலையில தான் எப்படித் தெரியுறோம்னு பாக்கல. இளமதி தலையக் குனிஞ்சிக்கிட்டு "சரிப்பா"ன்னு சொல்லி வச்சிட்டா.

அழுவாம சொல்லிட்டோமேன்னு அவருக்கு நிம்மதி. இந்தக் கீலை இன்னிக்கு ஒரு வழி பண்ணிடணும்னு தோணுச்சு. கிளேஸ்ல முக்குறதுக்கு முன்னாடி கட்டையில இருக்குற தூசைக் கம்ப்ரசர் காத்தால ஊதுறது அங்க வழக்கம். கைப்பழக்கம், மனுசன் அதே பைப்பைக் கீலுல வச்சு அடிச்சாரு. தூசு வெளிய வருமா? இன்னும் உள்ளதான் போச்சு. திரை கொப்புளமா உப்பி, நடுவுல ஒரு கோடு வுழுந்து, கறுத்துடுச்சு. கூறுகெட்டவனேன்னு தன்னைத்தானே திட்டிக்கிட்டாரு.

வேலை முடிஞ்சதும் பாலக்கரையில போன் கடை வச்சிருக்குற பக்கிரிகிட்ட ஓடினாரு. பக்கிரி திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"அண்ணே, இதுல திரையும் கீலும் ஒரே செட்டு. மாத்துற காசுக்குப் புதுப் போனே வாங்கிடலாம். இந்த மாடலையும் நிறுத்திட்டாங்க. அடுத்தது வருமா, வந்தாலும் நெலைக்குமான்னு யாருக்குத் தெரியும்? வுட்டுடுங்க."

"போன் கெட்டுடுச்சின்னு பொண்ணுகிட்ட சொல்லணுமே, பக்கிரி."

பக்கிரி தன்னோட சாதாப் போன்ல வீடியோ கால் போட்டு, மேசையில இருந்த டீ டம்ளர்மேல சாய்ச்சு வச்சாரு. அது பாட்டுக்கு நின்னுது. இவ்வளவுதானான்னு ஸ்டூல்ல ஒக்காந்த கொளஞ்சிக்கு எரிச்சலா வந்துது.

இளமதிக்குக் கண்ணெல்லாம் செவந்திருந்துது. "வரலன்னு எழுதிட்டேம்பா. அனுப்பப் போறேன்"னா.

"ஏம்மா? 'போம்மா'ன்னுதான சொன்னேன்?"

"உங்க கை தெரியலப்பா. மூஞ்சி மட்டுந்தான் தெரிஞ்சுது."

"மூஞ்சி என்னா சொல்லிச்சு?"

"போவாதேன்னு."

அப்பத்தான் கொளஞ்சிக்குப் புரிஞ்சுது. போன் மல்லாக்கச் சாஞ்சதுல அவரு சொன்னது போய்ச் சேரல, நெனைச்சது போய்ச் சேந்துடுச்சு. மூஞ்சி ஒண்ணும் பொய் சொல்லல. இப்பவும் அதே மூஞ்சிதான் இருக்குதுன்னு திரை மூலையில அவரே பாத்தாரு.

ஸ்டூலை வுட்டு எழுந்து நின்னாரு. இப்ப திரையில அவரோட நெஞ்சும் ரெண்டு கையும் மட்டுந்தான். அந்தக் கையால, "போம்மா"ன்னு சொன்னாரு.